பெயிண்டர் ஒரே வீட்டுக்கு நாலு வகை பிரைமர் எழுதித் தருகிறார். ஒன்றே போதாதா, ஏமாற்றுகிறாரா?

கேள்வியில் அந்தக் கடைசி வார்த்தை இல்லாமல் இருந்தால் படித்துவிட்டு நகர்ந்திருப்பேன். நான் பெயிண்டர். பதினேழு வயதில் எங்கள் மாமாவோடு பக்கெட் தூக்கிப் போனதிலிருந்து 24 வருஷமாகக் கும்பகோணம் பக்கம் இதே வேலைதான் பார்க்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பது: கீழே பழைய சுண்ணாம்புச் சுவர், மேலே புதிதாக எடுத்த மாடி, மாடியில் ஜிப்சம் சீலிங், பிளைவுட் அலமாரி, படிக்கட்டுக்கு ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) கைப்பிடி. இத்தனைக்கும் நாலு பிரைமர் என்றால் அந்த ஆள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பிரைமர் என்பது கலர் பிடித்து நிற்பதற்காக அதற்கு முன்னால் அடிக்கிற அடிப்பூச்சு. மேலே அடிக்கிற கலரைப் பார்த்து அதை வாங்குவதில்லை. அடியில் இருப்பது சிமெண்டா, மரமா, இரும்பா, காகிதமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் அடுப்படியில். 2011-ல் பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் வீடு. பழைய வீட்டை ஒட்டிப் புது அடுப்படி கட்டியிருந்தார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. பூச்சு முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வசதியாக நாலடி உயரத்துக்கு எனாமல் (பளபளப்பான எண்ணெய்ப் பெயிண்ட்) வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார்கள். எனாமலுக்கு அடியில் ஆயில் பிரைமர் என்பது மாமா சொல்லிக்கொடுத்த பாடம். அடித்தேன். மீதி இருந்ததைப் பழைய வீட்டு ஸ்டோர் ரூம் சுவருக்கும் அடித்தேன். அதே டப்பா, அதே பிரஷ், அதே நாள். கிரகப்பிரவேசத்தன்று அடுப்படி பளிங்கு மாதிரி இருந்தது. வந்தவர்கள் யார் செய்தது என்று விசாரித்தார்கள்.

ஒன்றரை மாதத்தில் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். நாலடிப் பட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. நகத்தால் அழுத்தினால் பெயிண்ட் காயாத மாதிரி உள்ளே போகிறது, எடுத்தால் விரலோடு வருகிறது. ஈரத் துணியால் தேய்த்தேன், துணி வழுவழுத்தது. சோப்பைத் தேய்த்த கைமாதிரி. ஸ்டோர் ரூமுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கே ஒரு கீறல் இல்லை.

காரணம் எனக்குப் பின்னால் ஒரு பயிற்சி வகுப்பில்தான் புரிந்தது. புதுச் சிமெண்டுப் பூச்சில் காரம், அதாவது அமிலத்துக்கு நேர் எதிரான தன்மை, மிக அதிகம். அதை அளக்கும் பிஹெச் அளவு 12-க்கு மேல் இருக்கும், சாதாத் தண்ணீருக்கு 7 பக்கம்தான். ஆயில் பிரைமரிலும் எனாமலிலும் பிடிப்பைக் கொடுப்பது எண்ணெயிலிருந்து வரும் பிசின். தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் சோடா சேர்த்து வீட்டில் சோப்புக் காய்ச்சுகிறார்களே, அதேதான் சுவரில் நடந்திருக்கிறது. ஈரமும் காரமும் சேர்ந்து என் பெயிண்டைச் சோப்பாக்கிவிட்டன. பழைய சுவரில் காரம் தணிந்து வருஷக்கணக்காகிவிட்டது, அதனால் அங்கே ஒன்றும் ஆகவில்லை. புதுப் பூச்சை நன்றாகத் தண்ணீர் காட்டி, குறைந்தது 28 நாள் விட்டு, ஈரம் போன பிறகு தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் சிமெண்ட் பிரைமர் அடிக்க வேண்டும். அது காரத்தைத் தாங்கும். உங்கள் மாடிச் சுவருக்கு அவர் எழுதியிருப்பது இதுவாகத்தான் இருக்கும்.

நாலு நாள் என் சொந்தக் கூலியில் சுரண்டிச் சுத்தம் செய்து கொடுத்தேன். சார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்த அம்மா தினமும் காபி கொடுத்துவிட்டு, "அவசரப்படுத்தினது நாங்கதானே தம்பி" என்றார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அவசரம் அவர்களுடையதாக இருக்கலாம், முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்தானே.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டில் கொத்தனார் இருபது நாள் தாமதிப்பார், ஆசாரி பத்து நாள், டைல்ஸ்காரர் ஒரு வாரம். முகூர்த்த நாள் மட்டும் மாறாது. அத்தனை பேர் தின்ற நாளையும் கடைசியில் வருகிற பெயிண்டரின் நாளிலிருந்துதான் கழிக்கிறார்கள். நாங்கள் பட்டி (சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு) பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து முடித்த சுவரை எலக்ட்ரீசியன் வந்து மறுபடி வெட்டுவார். ஆறு மாதம் கழித்துச் சுவர் உரிந்தால் கெட்ட பேர் எங்களுக்கு.

உங்கள் கீழ் வீட்டுக்கு வருகிறேன். சுவரில் உள்ளங்கையை அழுத்தித் தேயுங்கள். கை வெள்ளையானால் அந்தச் சுண்ணாம்பை முழுதாகச் சுரண்டி எடுக்காமல் எந்தப் பிரைமரும் பயனில்லை. பிரைமர் சுவரைப் பிடிக்காது, அந்தத் தூளைத்தான் பிடிக்கும். பிறகு தூளோடு சேர்ந்து செதில் செதிலாக விழும். அடிச்சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஓதத்தை நிறுத்தும் வேலை பிரைமருடையதல்ல. அதிலும் சிமெண்டு கலக்காத பழைய காரைச் சுவராக இருந்தால், அது ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும் சுவர். அதை எமல்ஷனால் (இப்போது சுவருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் வகைப் பெயிண்ட்) மூடினால் உள்ளே அடைபட்ட ஈரம் கொப்புளமாகத் தள்ளும். அந்த மாதிரிச் சுவருக்குத் திரும்பவும் சுண்ணாம்பே அடியுங்கள் என்று சொல்லி வேலையை இழந்திருக்கிறேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஜிப்சம் சீலிங்கில் போர்டின் மேல் இருப்பது காகிதம், இணைப்பில் இருப்பது பவுடர். இரண்டும் பெயிண்டை ஒரே மாதிரி உறிஞ்சாது. பிரைமர் இல்லாமல் அடித்தால் பகலில் தெரியாது. சாயங்காலம் லைட் போட்டதும் இணைப்புக் கோடு ஒவ்வொன்றும் தெரியும். இதற்கும் தண்ணீர் பிரைமர்தான், தனி டப்பா தேவையில்லை.

பிளைவுட்டுக்கு வுட் பிரைமர், ஓரங்களுக்கு இரண்டு கோட். எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்தது) பலகை என்றால் ஆயில் வகைதான், தண்ணீர் பட்டால் அதன் ஓரம் பஞ்சு மாதிரி உப்பிவிடும். மரத்தின் ரேகை தெரியப் பாலிஷ் போடுவதாக இருந்தால் பிரைமரே கூடாது, மரத்தின் துளைகளை அடைக்கும் நிறமில்லாத சீலர் போதும்.

ஜிஐ பைப்புக்கு ரெட் ஆக்சைடு (இரும்புக்கு அடிக்கிற செம்பழுப்பு ஆயில் பிரைமர்) வேண்டாம். "முப்பது வருஷமாக ரெட் ஆக்சைடுதான் அடிக்கிறோம்" என்று இங்கே ஒருவர் நிச்சயம் சொல்வார். அது சாதா இரும்பு கிரில்லுக்குச் சரி, நானும் அதைத்தான் அடிக்கிறேன். ஜிஐ மேலே துத்தநாகப் பூச்சு இருக்கிறது. எண்ணெய்ப் பிசினோடு அதுவும் சோப்பு மாதிரி ஒன்றை உண்டாக்கிப் பிடிப்பை விட்டுவிடும். பெயிண்ட் பாம்புச் சட்டை மாதிரி முழுசாகக் கழன்று வருவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் போகத் துடைத்து, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் அடித்தால் நிற்கும். உங்கள் பட்டியலில் விலை அதிகமாகத் தெரிவது அதுவாகத்தான் இருக்கும்.

பட்டிக்கு முன்னால் பிரைமரா பின்னாலா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வரி: வெள்ளைச் சிமெண்டுப் பட்டி என்றால் சுவரை நனைத்துவிட்டு நேராகப் போடலாம், அக்ரிலிக் பட்டி என்றால் முன்னால் ஒரு பிரைமர் வேண்டும். இரண்டிலும் தேய்த்த பிறகு பிரைமர் உண்டு. இது நான் பார்த்த வேலையும் டப்பாவில் போட்டிருப்பதும்.

டோக்கன் விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சந்தேகம் அங்கிருந்துதான் வந்திருக்கும். ஆமாம், பல பெயிண்ட் டப்பாக்களில் பெயிண்டருக்கு டோக்கன், அதாவது பணமாகவோ பரிசாகவோ மாற்றிக்கொள்ளும் சீட்டு, இருக்கிறது. நானும் வாங்குகிறேன். டோக்கனுக்காகத் தேவையில்லாததை எழுதுகிறவர்களும் இருக்கலாம். அந்தப் பயம் இருந்தால் பிரைமரை நீங்களே வாங்கிக் கொடுங்கள், தண்ணீர் கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். டப்பாவில் போட்டிருப்பதைவிட இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றுவதுதான் உண்மையான ஏமாற்று. அது பட்டியலில் தெரியாது.

இன்னொன்று, கீழ் வீட்டுப் பழைய கதவு, ஜன்னலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் தூளை நம்ப முடியாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

மாடிப் பூச்சு எப்போது முடிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஓர் அடி சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் பெயிண்டரை இன்னும் பத்து நாள் கழித்து வரச் சொல்லுங்கள். அவரிடம் நீங்கள் முந்திச் சொன்னால் அவருக்கு நிம்மதியாக இருக்கும்.