உங்கள் கணக்கில் ஒரு வரவு விடுபட்டிருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 43. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) இறந்த பிறகு ஆத்தாவைத் தனியாக விட மனமில்லாமல், மூன்று ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு காரைக்குடிக்கே திரும்பிவிட்டேன். கானாடுகாத்தான் பக்கம் விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பழைய வீட்டில் மேலாளராக இருக்கிறேன். சம்பளம் 34,000 ரூபாய். எனக்கு அது போதும். ஆனால் உறவினர்கள் விடுவதாக இல்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ‘இப்போது எவ்வளவு வருகிறது?’ என்று கேட்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் என் சகலைக்கு மாதம் இரண்டரை லட்சம். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் அண்ணாநகரில் 1,650 சதுர அடியில் வீடு வாங்கிவிட்டான். பணமே பெரிதென்று நினைக்காத வள்ளல் அழகப்பர் பிறந்த மண்ணில் இப்படி ஒரு மனநிலையா என்று வேதனையாக இருக்கிறது. மனைவி குறை சொல்வதில்லை. பொழுதுபோக்காக வீட்டில் பலகாரம் போட்டுக் கொடுக்கிறாள், பிள்ளைகள் இருவரின் பள்ளிக் கட்டணத்தை அதிலேயே பார்த்துக்கொள்வதால் எனக்கு அந்தக் கவலையும் இல்லை. வெற்றி என்பது என்ன என்பதை நானே முடிவு செய்துகொள்ளக் கூடாதா? இவர்களை எப்படிச் சமாளிப்பது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் சகலையின் சம்பளம் இருக்கிறது. சித்தப்பா மகன் வாங்கிய வீட்டின் சதுர அடிகூட இருக்கிறது. உங்கள் மனைவி பலகாரம் போட்டு மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது மட்டும் இல்லை. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுகிற தொகை அது. அதைப் பாதி வாக்கியத்தில் சொல்லிவிட்டு, மறுபாதியில் உங்களுக்குக் கவலை இல்லை என்கிறீர்கள்.

தேன்குழல் பிழிந்து பார்த்திருக்கிறீர்களா? முதல் நாளே பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்த வேண்டும். ஈரம் கொஞ்சம் அதிகமானால் எண்ணெய் குடிக்கும், காய்ந்துவிட்டால் மாவு உதிரும். உளுந்தைச் சிவக்காமல் வறுத்து அரைத்துச் சலித்துச் சேர்த்துப் பிசைந்து அச்சில் அடைத்தால், அதன் பிறகு வேலை முழுவதும் உள்ளங்கைக்கும் தோள்பட்டைக்கும்தான். நுரை அடங்கும்வரை வாணலியை விட்டு அசைய முடியாது. மனகோலம் என்றால் இன்னும் மோசம். பாகு பதத்துக்கு வந்த நொடியில் பிழிந்து நொறுக்கியதை எல்லாம் கொட்டிக் கிளறிவிட வேண்டும். வாசலில் யார் கூப்பிட்டாலும் போக முடியாது, கை சுட்டாலும் நிறுத்த முடியாது. ஆவணியிலும் தையிலும் கல்யாண வீடுகளுக்குச் சீர்ப் பலகாரம் என்று ஆர்டர் வந்தால் விடியற்காலையிலேயே அடுப்பு எரியத் தொடங்கும். இதையெல்லாம் பொழுது போகவில்லை என்று செய்கிற பெண்ணை இந்தச் சீமையில் நான் இதுவரை சந்தித்ததில்லை.

பொழுது போகவில்லை என்று சொல்வதற்கு அவருக்குப் பொழுது எங்கே இருக்கிறது? ஆத்தாவைப் பார்த்துக்கொள்ளத்தான் ஊருக்கு வந்தீர்கள். விடுதி மேலாளர் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். காலையில் விருந்தினர் பசியாறும் நேரத்துக்குப் போனால், இரவுச் சாப்பாடு முடிந்துதான் வீடு திரும்ப முடியும். அந்த நேரம் முழுவதும் உங்கள் ஆத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்? பெற்றவளைப் பார்க்கத் திரும்பி வந்தது சரியான காரியம். அதற்காக உங்களைப் பாராட்டப் போவதில்லை, மகனாகப் பிறந்தவன் செய்ய வேண்டியதைச் செய்தீர்கள். ஆனால் முடிவு உங்களுடையதாகவும் உழைப்பு இன்னொருவருடையதாகவும் இருக்கும்போது, ‘எனக்குப் போதும்’ என்று நீங்கள் தனியாக அறிவித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது.

இப்படி எழுதும் ஆண்கள் நிறையப் பேர். ஊர் ஊராக ஒரே கடிதம்தான் வருகிறது. நகரத்தில் ஓடியது போதும் என்று இறங்கி வருகிறார்கள், எளிமையாக வாழ்கிறோம் என்கிறார்கள். கொஞ்சம் கிளறினால், அந்த எளிமைக்கு ஒட்டுப்போடும் வேலையை வீட்டுக்குள் யாராவது ஒருத்தி சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பாள்.

உங்கள் சொந்த ஊர் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் ‘வேறு வைப்பது’ என்று ஒன்று உண்டு. அதே பெரிய வீட்டில்தான் இருப்பார்கள், வளவு என்கிற நடுமுற்றம் ஒன்றுதான், சாமி கும்பிடும் இடமும் ஒன்றுதான். ஆனால் சமையல் தனி, கணக்கு தனி. இந்த ஆண்டுக்கு இவ்வளவு என்று பெற்றோர் ஒதுக்கித் தருவதில் புருஷனும் பெண்டாட்டியும் குடும்பம் நடத்திக் காட்ட வேண்டும். பக்கத்து அடுப்பில் அண்ணன் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று வாசனையே சொல்லிவிடும். ஆனாலும் நம் அடுப்புக்கு எவ்வளவு விறகு என்பது நம் கணக்கு. போதும் போதாது என்பதை அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள், புருஷன் மட்டும் எழுந்து நின்று சொல்லவில்லை. கோயிலுக்கு வரி கொடுக்கும்போதுகூடக் கல்யாணமான கணவன் மனைவியைச் சேர்த்துத்தான் ஒரு ‘புள்ளி’ என்று எண்ணினார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், பெண் கொண்டுவந்த சீர்ப் பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு மறந்துவிடவில்லை. கடைக் கணக்கில் அவள் பெயரில் வரவு வைத்து, அதற்கு வட்டியும் எழுதினார்கள். அந்தக் காலத்தில் பெண்களுக்கு எல்லாம் நியாயமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை, நடக்காதவற்றைப் பற்றி இந்தப் பக்கத்திலேயே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனால் அவள் பணம் அவள் பணம் என்று பேரேட்டில் ஓர் இடம் இருந்தது. படித்த நீங்கள் அந்த ஒரு வரியைக்கூட எழுதவில்லை.

வள்ளல் அழகப்பரை வேறு துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். கோட்டையூரில் பிறந்த அந்த மனிதர் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறப்பு விழா நடந்தது. பணம் அவருக்குப் பெரிதில்லை என்று யார் சொன்னது? துணி ஆலையில் தொடங்கிப் பல தொழில்களில் இறங்கி முனைந்து சம்பாதித்தார். தன்னிடம் இருப்பது எவ்வளவு என்று தெரிந்துதான் அள்ளிக் கொடுத்தார். மாதக் கணக்கை எழுதிப் பார்க்காதவர்கள் அவர் பெயரைச் சொல்லி ஒதுங்கிக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

கல்யாண வீட்டுக் கேள்விக்கு வருகிறேன், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் செய்த ஊர் இது. மற்ற ஊர்களில் சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல இங்கே எவ்வளவு வருகிறது என்று கேட்பார்கள். பந்தியில் இலை போடும் முன்பே பதிலை மறந்தும் விடுவார்கள். கேட்டவர் எல்லாரும் உங்களை எடைபோட வந்தவர்கள் என்று நினைத்து நீங்கள்தான் வீட்டுக்குத் தூக்கி வருகிறீர்கள். அவர்கள் அளவுகோலை நம்பவும் வேண்டாம். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோதும், பிறகு 1960களில் அங்கே எல்லாம் அரசுடைமையானபோதும் இங்கே எத்தனை முகப்புகளின் வெளிச்சம் அணைந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் வீடு வீடாகச் சொல்வார்கள். பர்மாவிலிருந்து வந்த தேக்கில் இழைத்த கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைச்சீட்டோடு நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவற்றில் சிலவற்றை உங்கள் விடுதிக்காரர்கள் வாங்கியும் இருப்பார்கள். அதற்காக அவர்கள் விழுந்தார்கள், நாம் நிம்மதியாக இருக்கிறோம் என்று ஆறுதல் தேடாதீர்கள். அது மட்டமான ஆறுதல்.

உங்கள் உண்மையான கேள்வி வேறு. 34,000 போதுமா? பள்ளிக் கட்டணம் அதற்குள் இல்லாதபோது அது போதவில்லை என்றுதான் அர்த்தம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் சம்பாதிக்கிறீர்கள். அதில் ஒருவர் வீட்டு வேலை, மாமியார் கவனிப்பு, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு சம்பாதிக்கிறார். இதை மாமியார் வீட்டிலும் பங்காளி வீட்டிலும் வாய்விட்டுச் சொல்ல உங்களால் முடியுமா? ‘என் மனைவி தொழில் செய்கிறாள், பிள்ளைகள் படிப்பு அவள் சம்பாத்தியத்தில் நடக்கிறது’ என்று கல்யாண வீட்டில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தொண்டையில் சிக்கினால், உங்களுக்குச் சங்கடம் தருவது சகலையின் இரண்டரை லட்சம் அல்ல.

அவர் குறை சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குறை இருக்கிறதா என்று என்றைக்காவது கேட்டீர்களா? அவருக்கு இந்த வாழ்க்கை பிடித்தும் இருக்கலாம். தன் கைப்பக்குவத்துக்கு ஊரில் பெயர் இருக்கிறதே என்ற பெருமைகூட இருக்கலாம். சென்னையிலேயே இருந்திருக்கலாம் என்ற ஏக்கமும் இருக்கலாம். திரும்பி வரும் முடிவை எடுத்தபோது அவர் என்ன சொன்னார் என்பதும் உங்கள் கடிதத்தில் இல்லை. 

ஆகவே ஒரு நாள் விடுதியில் விடுப்புச் சொல்லுங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்து வீட்டுக்கு ஓர் ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு எடுங்கள். உங்கள் வரவு, அவர் வரவு, இரண்டும் ஒரே பக்கத்தில். அவர் வரவில் எண்ணெய், அரிசி, உளுந்து, கேஸ், மில் கூலி எல்லாம் கழியட்டும். அதோடு அவர் கூலியையும் எழுதுங்கள். உதவிக்கு ஓர் ஆளை வைத்தால் எவ்வளவு கொடுப்பீர்களோ அதற்குக் குறையாமல் எழுதுங்கள். அதன் பிறகும் கிலோவுக்கு ஏதாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் மிஞ்சுவதில்லை, கூலியைத்தான் இலாபம் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். அப்படியானால் விலையை ஏற்றச் சொல்லுங்கள். சொந்தக்காரர்களுக்குப் பாதி விலை என்ற தாராளத்தை முதலில் நிறுத்துங்கள், அந்தத் தாராளம் பெரும்பாலும் கணவன் வாயிலிருந்துதான் வருகிறது. 

தொழில் என்று ஆனபின் அதற்குரியதைச் செய்யுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் அவர் பெயரில் பதிவு வேண்டும், வீட்டில் செய்து விற்றாலும் வேண்டும். வீட்டுக்குத் தருகிற 14.2 கிலோ சிலிண்டரில் வியாபாரச் சமையல் செய்யக் கூடாது, 19 கிலோ சிலிண்டருக்கு மாறுங்கள். வங்கிக் கணக்கு அவர் பெயரில் தனியாக இருக்கட்டும். பள்ளிக் கட்டணத்தை இனி இருவரும் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் ஆத்தாவுக்கான வேலைகளை முடித்துவிட்டு நீங்கள் விடுதிக்குப் போங்கள், அரை மணி நேரம் முன்னதாக எழுந்தால் போதும்.

ஒன்று கேட்காமல் விட முடியவில்லை. உங்கள் விடுதிக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். ஆத்தங்குடிக் கல்லையும் வளவுத் தூணையும் படம் பிடித்துவிட்டு, ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று உங்களிடம்தான் கேட்பார்கள். மூன்று ஆண்டுகளாக அவர்களுக்கு எந்தக் கடையைக் காட்டினீர்கள்? உங்கள் முதலாளியிடம் பேசி வரவேற்பு மேசையில் உங்கள் வீட்டுச் சீப்புச் சீடையையும் மனகோலத்தையும் வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லையே.

ஐந்தொகை எடுத்து முடித்ததும் கீழே ஒரு தொகை வரும். இன்னும் எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று இருவருமாகப் பேசி அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். அவர் உங்கள் கணக்கை அடித்துவிட்டு வேறு தொகை எழுதினால் வாதாட வேண்டாம், ஏன் என்று கேளுங்கள். தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் இதை முடித்துவிடுங்கள். தொடங்கிவிட்டால் அவருக்கு உங்களோடு உட்கார நேரமிருக்காது.