வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக்கடனும் ஆவணச் சுமையும்

கேள்வி: வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்துச் சில மாதங்கள் ஆகிவிட்டன. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கலின் நகல் எல்லாவற்றையும் கொடுத்த பிறகு, அவற்றையே மீண்டும் புதிதாகக் கேட்கிறார்கள். என் அக்கா கொடுத்த பணம் கணக்கில் வரவானதற்கு எழுத்துமூலம் விளக்கமும் வேண்டுமாம். என்னை நம்பவில்லை என்றே தோன்றுகிறது. இவ்வளவும் தேவைதானா?

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானது. ஆனால் இதை உங்கள் நேர்மையின் மீதான சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடன் தருபவர் அறிய விரும்புவது மூன்று விஷயங்களைத்தான்: உங்களால் தவணையைத் தொடர்ந்து கட்ட முடியுமா, விற்பவருக்கு அந்த வீட்டை விற்க உரிமை இருக்கிறதா, உங்கள் பங்காகப் போடும் முன்பணம் உண்மையில் உங்களுடையதுதானா. கையில் இருக்கும் ஒவ்வொரு தாளும் இவற்றில் எதற்கு விடை சொல்கிறது என்று பார்த்துப் பிரித்து வைத்தால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரே ஆவணத்தை இரண்டாம் முறை கேட்பதற்குப் பெரும்பாலும் தேதிதான் காரணம். விண்ணப்பித்த நாளில் நீங்கள் வேலையில் இருந்தீர்கள் என்பது போதாது. பணம் கைமாறும் நேரத்திலும் அதே வருமானம் தொடர்கிறதா, இடையில் வேறு கடன் வாங்கியிருக்கிறீர்களா என்பது தெரிய வேண்டும். வழக்கறிஞர் பத்திரங்களைப் படித்து, மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்து அறிக்கை தருவதற்குள், முதலில் நீங்கள் கொடுத்த சம்பளச் சீட்டு பழையதாகிவிடுகிறது. அக்கா கொடுத்த பணத்தின் நிலையும் இதுவே. அது அன்பளிப்பு என்றால் கவலையில்லை. கைமாற்று என்றால் அதைத் திருப்பிக் கட்டுவதும் உங்கள் சம்பளத்திலிருந்துதான் நடக்க வேண்டும். எனவே, திருப்பித் தர வேண்டியதில்லை என்று அக்கா கையொப்பமிட்ட கடிதத்தையும், அவர் கணக்கிலிருந்து அந்தத் தொகை வெளியேறியதைக் காட்டும் அறிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பணம் உண்மையில் கடன்தான் என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள். அன்பளிப்பு என்று பொய்யாக எழுதிக் கொடுப்பது மோசடியாகும்.

தாள்களே கேட்காமல் கடன் கொடுத்த காலமும் இருந்தது. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்கு முன்பு, அமெரிக்காவில் விண்ணப்பதாரர் வாயால் சொன்ன வருமானத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு வீட்டுக்கடன் வழங்கும் வழக்கம் பரவியிருந்தது. அவ்வாறு வாங்கியவர்களில் பலர் தவணை கட்ட இயலாமல் வீட்டையே இழந்தார்கள். அதன் பின்னர் 2010இல் அங்கே வந்த டாட்–ஃபிராங்க் என்ற நிதிச் சீர்திருத்தச் சட்டத்தின்படி வகுக்கப்பட்ட விதி, கடனைத் திருப்பிக் கட்டும் திறனைச் சரிபார்த்த பிறகே கடன் தர வேண்டும் என்பதை 2014 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கியது. பிரிட்டனிலும் அதே ஆண்டு ஏப்ரலில் வருமானச் சான்று கட்டாயமாயிற்று. ஆகவே இந்தச் சரிபார்ப்பு கடன் வாங்குபவரையும் காக்கிறது என்பதே என் உறுதியான கருத்து.

நான் ஏற்க முடியாதது, இன்று ஒன்று நாளை ஒன்று என்று தவணை முறையில் ஆவணம் கேட்பதைத்தான். வேலைக்கு விடுப்புப் போட்டு அலைபவரின் நேரத்துக்கும் மதிப்பு உண்டு. இனியாவது, மீதம் என்னென்ன வேண்டும் என்ற முழுப் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள்; கொடுப்பவற்றைத் தேதியிட்ட கடிதத்துடன் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை கையில் இருந்தால், 'அந்தத் தாள் எங்களிடம் இல்லை' என்ற பதிலுக்கு இடமிருக்காது.

கேள்வி: நான் சொந்தத் தொழில் செய்கிறேன். மாதச் சம்பளக்காரரைவிட அதிகம் சம்பாதித்தும், என்னிடம்தான் கூடுதல் ஆவணங்கள் கேட்கிறார்கள். ஏன்?

பதில்: சம்பளத்துக்கு முதலாளி சாட்சி, உங்கள் வருமானத்துக்கு உங்கள் கணக்குகள் மட்டுமே சாட்சி. அதனால்தான் ஓராண்டுக் கணக்கோடு நிறுத்தாமல் பல ஆண்டுகளின் வரித் தாக்கலையும் லாப நட்டக் கணக்கையும் கேட்கிறார்கள். அவர்கள் பார்ப்பது விற்பனைத் தொகையை அல்ல, செலவு போக மிஞ்சும் லாபத்தை. வரியைக் குறைப்பதற்காக லாபத்தைக் குறைத்துக் காட்டியவருக்குக் கடன் தொகையும் குறைவாகவே கிடைக்கும். தொழில் கணக்கையும் வீட்டுச் செலவுக் கணக்கையும் விண்ணப்பிப்பதற்கு வெகு முன்பே பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு வரவுக்கும் தனித்தனியே விளக்கம் எழுதும் வேலை பெருமளவு குறையும்.

கேள்வி: கையெழுத்திடும் நாளில் கட்டுக்கட்டாகத் தாள்களை நீட்டுவார்கள் என்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படிப்பது என்ற நிலைக்கு இடம் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டுக்கடன்களுக்கு, இறுதி நிபந்தனைகளும் கட்டணங்களும் அடங்கிய ஐந்து பக்கப் படிவம், கையெழுத்துக்குக் குறைந்தது 3 வேலை நாட்களுக்கு முன்பே கிடைத்தாக வேண்டும் என்பது விதி. உங்கள் ஊரில் அப்படி விதி இல்லாவிட்டாலும் நகலை முன்கூட்டியே கேளுங்கள். வட்டி நிலையானதா மாறக்கூடியதா, முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் உண்டா, காப்பீடு போன்ற நீங்கள் கேட்காத கட்டணம் எதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் அவசியம் பாருங்கள்.

மூலப் பத்திரங்களை ஒப்படைக்க வேண்டியிருந்தால், ஒவ்வொன்றின் பெயர், எண், பக்க எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். இந்தியாவில், கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவிட்டது. அவை தொலைந்துபோனால், சான்றிட்ட நகல் பெறும் செலவையும் கடன் தந்த நிறுவனமே ஏற்க வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததோடு நிறுத்திவிடாமல், அடமானம் பதிவாகியிருக்கும் அலுவலகத்தில் அது நீக்கப்பட்டுவிட்டதா என்பதையும் நேரில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.