ஊருணியில் தவளைச் சத்தம் அடங்கியது ஏன்? – கேள்வி பதில்

கானாடுகாத்தான் வாசகர்: ஐயா, எங்கள் ஊருணியைத் தூர்வாரி நாலு பக்கமும் சிமெண்ட் சுவர் எழுப்பினார்கள். ஐப்பசி மழையில் நிறைந்தும் தவளைச் சத்தமே இல்லையே?

பதில்: சுவரைத்தான் முதலில் சந்தேகிப்பேன். மழைக்கு மஞ்சளேறி, தாடையின் இருபுறமும் நீலப்பை உப்பக் கத்துமே, அந்தப் பெருந்தவளை முட்டையிடுவது புல் முளைத்த ஓரத்தில், ஆழமில்லாத தண்ணீரில். செங்குத்தாகச் சுவர் வந்தால் அந்த ஓரமே போயிற்று. பிழைத்த தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து வால் சுருங்கும் சமயம் கரையேறியாக வேண்டும். வழியில்லாவிட்டால் நீந்திக் களைத்துச் சாகும். படித்துறை இருந்தாலும், கட்டைவிரல் நகமளவு குஞ்சுக்கு அரையடிப் படியே மலைதான்.

சுவரை இடிக்க வேண்டாம். வரத்துக்கால் நுழையும் மூலையில் ஒரு சரிவு போடுங்கள்: 1 அடி உயரத்துக்கு 3 அடி நீளம், அகலம் 4 அடி. செம்புறாங்கல் பதித்து, இடுக்கில் மண் அடைத்து, கோரையும் அருகும் நடுங்கள். மேலே சிமெண்ட் பூசி இழைத்தால் குஞ்சுக்குப் பிடிமானம் இருக்காது. பலர் நிறைநீர் மட்டத்தோடு சரிவை நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் ஓரடி இறங்கியதும் அது அந்தரத்தில் நிற்கும். கோடை மட்டம் வரை இறக்குங்கள். வேலை முடியும்வரை தென்னை மட்டைகளைச் சுவரில் சாய்த்து, அடி நீருக்குள் இருக்கும்படி கட்டி வையுங்கள்.

தேவகோட்டை வாசகர்: கொசுவுக்காகக் கிணற்றில் கம்பூசியா மீன் விட்டோம். மிச்சத்தை ஊருணியில் விடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் கொசுப்புழுவோடு தவளை முட்டையையும் தின்னும், தலைப்பிரட்டையின் வாலையும் கடித்துக் குதறும். ஒருமுறை பெருகிவிட்டால் ஊருணி முழுக்க வற்றும்போதுதான் ஒழிக்க முடியும். ஒரு சிறு குழியில் நீர் மிஞ்சினாலும் அடுத்த மழைக்குத் திரும்பப் பெருகும். கிணற்றுக்குக் கொசுவலை மூடியே போதும்.

காரைக்குடி வாசகர்: ஊதாத் தவளை நம் பக்கம் உண்டா?

பதில்: இல்லை, அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. 2003இல்தான் அறிவியல் அதற்குப் பெயரிட்டது. அதன் உறவான இன்னொரு இனம் 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலையிலிருந்து விவரிக்கப்பட்டது. வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடந்து, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் வெளியே வரும். தலைப்பிரட்டைகள் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு ஓடைநீரில் வளரும். அங்கே தடுப்பணை கட்டினால் ஓட்டம் நின்று வண்டல் பாறையை மூடும், பற்ற இடமிருக்காது. ஒரே ஓடையை நம்பிய கூட்டம் அதோடு போய்விடும்.

பள்ளத்தூர் வாசகர்: வீட்டுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது பந்துபோல உப்பிய தவளை கிடைத்தது. வாளித் தண்ணீரில் வைத்திருக்கிறோம்.

பதில்: உடனே வெளியே எடுங்கள். அது மண்ணுக்குள் மழைக்காகக் காத்துக் கிடப்பது; ஏற வழியில்லாத வாளியில் மூழ்கிச் சாகும். கையை நனைத்துக்கொண்டு தூக்குங்கள், அதன் தோலும் மூச்சுவிடும். நிழலில் ஓரடிக் குழி பறித்து, உள்ளே வைத்து, ஈரமண்ணைத் தளர்வாகப் போடுங்கள். மிதித்து இறுக்க வேண்டாம்.