பழைய மடிக்கணினியில் திறந்த விதிநூல் புதியதில் திறக்கவில்லை

பகடை விளையாட்டுக்கான விதிநூலை மின்னூலாக வாங்கியிருக்கிறீர்கள்; புதிய மடிக்கணினியில் திறக்காததால் மறுபடியும் வாங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். மறுபடியும் பணம் கட்டாதீர்கள். ‘வேறொரு பயனர் ஏற்கெனவே பெற்றுவிட்டார்’ என்று வருகிறதே, அந்த வேறொருவர் நீங்களேதான். பகடை உருட்ட வாங்கிய நூலுக்கு இத்தனை காவல்!

பழைய கணினியில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற மின்னூல் வாசிப்புச் செயலியை நிறுவியபோது, அடோபி கணக்கு இல்லாமலே அந்தக் கணினிக்கு அனுமதி கொடுத்திருப்பீர்கள். அப்படியானால் நூல் அந்த ஒரு கணினியோடு கட்டுண்டுவிடும். நீங்கள் இப்போது திறக்கப் பார்க்கும் ஏசிஎஸ்எம் கோப்பு சில கிலோபைட்தான். அது நூலே அல்ல, நூலைப் பதிவிறக்குவதற்கான வெறும் டோக்கன், அதாவது ஒரு சீட்டு.

பழைய கணினியில், அந்தச் செயலியின் உதவிப் பட்டியலில் (Help) உள்ள அனுமதி விவரத்தைத் திறந்து பாருங்கள். கணக்கு ஏதாவது தெரிந்தால் அதையே புதியதிலும் கொடுங்கள், திறந்துவிடும். கணக்கு எதுவும் அங்கே காட்டாவிட்டால், உரிமத்தை மீட்டமைத்துத் தருமாறு விற்ற கடைக்கு எழுதுங்கள்.

அதுவரை பழைய கணினியின் அனுமதியை மட்டும் அழித்துவிடாதீர்கள். கணக்கில்லாத அனுமதி போனால் அங்கேயும் திறக்காது.