அலைக்குப் பயப்படும் மகளோடு சர்ஃபிங் வகுப்பு
எட்டு வயது மகள் அலையைக் கண்டாலே பின்வாங்குகிறாள், விடுமுறைக்குக் குடும்பமாகப் பதிவு செய்த சர்ஃபிங் வகுப்பை ரத்து செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. முதல் வகுப்பு பெரும்பாலும் இடுப்பளவு தண்ணீரில், உடைந்து நுரையாக வரும் அலையில்தான் நடக்கும். அவளை எழுந்து நிற்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். குப்புறப் படுத்தபடியே, பலகையின் அடியில் மணல் உரசும்வரை சறுக்கி வரட்டும். என் மகனுக்கு அந்த ஒரு சறுக்கலிலேயே பாதி பயம் போய்விட்டது.

மென்மையான ஃபோம் பலகைதானா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பலகை அவளுக்கும் அலைக்கும் நடுவில் வரவே கூடாது. அலை அதைத் தூக்கி முகத்தில் அடித்துவிடும். விழுந்தால் கைகளால் தலையை மூடிக்கொண்டே எழட்டும். அப்புறம், நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பலகை ஏறாதீர்கள். ஒருவர் அவள் பக்கத்திலேயே நில்லுங்கள்.