அரைக் கட்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற பிறகு, பரணில் கிடந்த ரிக்கார்டு பிளேயரைப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டேன். மாலை ஒரு மணி நேரம் தட்டுகளோடுதான். உறையைப் பிரிக்கும்போது வரும் வாசனை, ஊசியை இறக்கும் கவனம், எல்லாம் எனக்குத் தியானம் போல. டிஜிட்டல் என்பது ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவது, அதில் உயிர் இருக்காது என்று வீட்டில் அடிக்கடி சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஒரு திரையைக் கட்டி, அதற்குப் பின்னாலிருந்து தட்டையும் கைபேசியையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிப் போட்டாள். எல்.பி. என்ற நீண்ட நேரத் தட்டுகளில் பன்னிரண்டு முறை கேட்டாள். ஆறு முறைதான் சரியாகச் சொன்னேன். கைபேசியிலும் லேசான கொறகொறப்பு வந்ததால் குழம்பிவிட்டேன். பாட்டி வைத்திருந்த மிகப் பழைய 78 தட்டில் (நிமிடத்துக்கு 78 முறை சுற்றுவது) மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன். பாட்டின் முடிவில், பாடிய அம்மாள் தன் பெயரைச் சொல்வார். கைபேசியில் அது ஏனோ சின்னப் பெண் சொல்வதுபோல இருந்தது. அது போகட்டும். மகள் சிரிக்கவில்லை, ஆனால் எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மனிதக் காதால் உண்மையில் இரண்டையும் பிரித்தறிய முடியுமா? இத்தனை நாளும் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேனா?

ஒரு வாசகர், கும்பகோணம்.

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு மாதங்களாக என் மாமாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில், தூக்கம் கெட வேண்டிய விஷயம் இதில் எதுவும் இல்லை. வாசனை, உறை, தியானம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவை உங்களுடையவை. எந்தச் சோதனையும் அவற்றைப் பறிக்க முடியாது. ஆனால் "துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவது" என்ற வாக்கியத்தை இனி வீட்டில் சொல்லாதீர்கள். அது தவறு. குறுந்தகடு ஒரு விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாக வைத்துக்கொள்கிறது. அந்த எண்களைத் திரும்ப ஒலியாக்கும்போது படிக்கட்டு போல எதுவும் வெளியே வருவதில்லை. அளக்கும் வேகத்தில் பாதிக்குக் கீழே இருக்கும் எந்த ஒலிக்கும் அந்தப் புள்ளிகள் வழியாகப் போகக்கூடிய வளைவு ஒன்றே ஒன்றுதான். அது முழுதாகத் திரும்பி வருகிறது. 44,100இல் பாதி 22,050. இளம் காதே விநாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகளோடு நின்றுவிடும்; நம் வயதில் அதுவும் இல்லை. இடையில் எதுவும் தொலையவில்லை, நண்பரே. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலப் பிள்ளைகளிடம் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்ததற்கு நீங்கள் கொஞ்சம் வருந்தத்தான் வேண்டும்.

அடுத்தது அந்தக் கொறகொறப்பு. கைபேசியில் கொறகொறப்பு எங்கிருந்து வரும்? உங்கள் மகள் போட்ட பாட்டுகளை யாரோ ஒருவர் தன் வீட்டு எல்.பி. தட்டிலிருந்துதான் பதிவு செய்து ஏற்றியிருக்கிறார். ஆகவே நீங்கள் கேட்டவை இரண்டு தட்டுகள்: ஒன்று நேராக, இன்னொன்று எண்களாகி மீண்டும் ஒலியாகி. தட்டின் இதம் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அது முழுவதும் அந்த எண்களுக்குள் இருந்தது. அதனால்தான் பன்னிரண்டுக்கு ஆறு. உங்கள் மகள் தனக்கே தெரியாமல் நல்ல சோதனை ஒன்றைச் செய்திருக்கிறாள். இரண்டின் ஒலி அளவும் சமமாக இருந்ததா என்று மட்டும் கேளுங்கள். மயிரிழை கூடுதலாக ஒலிப்பதைக் காது பெரும்பாலும் 'நல்லது' என்றே சொல்லும்.

நீங்கள் மட்டும் தோற்கவில்லை. அமெரிக்காவில் பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இருவர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவுகளை நேராகவும், குறுந்தகட்டின் அளவுக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். கேட்டவர்களில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருந்தவர்களும் உண்டு. 554 முறை கேட்டதில் 276 முறை சரியான விடை. காசு சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். 2022இல் இன்னொன்று வெளியே வந்தது. மூல நாடாவிலிருந்து நேராகத் தட்டுகளை அச்சிடுவதாகப் பெயர் பெற்றிருந்த 'மொபைல் ஃபிடெலிட்டி' நிறுவனம், பத்தாண்டுக்கும் மேலாகப் பல தட்டுகளுக்கு நடுவில் டிஜிட்டல் பதிவைப் பயன்படுத்தி வந்திருக்கிறது. அனலாக், அதாவது எண்ணாக மாற்றாத பழைய முறைப் பதிவு, என்றால் உயிரை விடுகிற ரசிகர்கள் அந்தத் தட்டுகளைப் பெரும் விலை கொடுத்து வாங்கிப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். காதால் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு தட்டுக் கடைக்காரர் துருவிக் கேட்டதால்தான் உண்மை வெளிவந்தது.

இனி மாமா. மன்னார்குடிப் பக்கம் அவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். ஊரில் ரேடியோ செட்டுக்காரர் என்றால்தான் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா எதுவானாலும் தென்னை மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு, தட்டுப் பெட்டியோடு உட்கார்ந்துவிடுவார். விடுமுறையில் நான்தான் பெட்டி தூக்குவேன். ஊசி தாவும் தட்டுக்கு, ஊசி பொருத்திய பிக்கப்பின் தலையில் ஒரு நாலணாவை ஒட்டிவைப்பார். தெருவுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டே, "ஊசி தேய்ந்துவிட்டது, 'ச' எல்லாம் கிழிகிறது, மாற்றுடா" என்று என்னைத் திட்டுவார். எனக்கு எதுவும் கேட்காது. மாற்றிய பிறகு கேட்கும். எல்.பி. தட்டின் கடைசிப் பாட்டு ஏன் கரகரக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். வெளி ஓரத்தில் ஊசி ஓடும் தூரமும் நடுவில் ஓடும் தூரமும் ஒன்றா என்று தேங்காய் மூடியைக் காட்டினார். பிற்காலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளி ஓரத்தில் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர், உள்ளே சுமார் 21. அதே பாட்டை அதில் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். கரகரக்கத்தான் செய்யும்.

இவற்றை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவருடைய காதால் பிரித்தறிய முடிந்தது. ஆனால் அவர் பிரித்தறிந்தது கருவியின் இனத்தை அல்ல, அதன் குறையை. தேய்ந்த ஊசி, நடுத்துளை விலகிய தட்டு, தலை அழுக்கான டேப், மூன்றாம் கை மாறிய கேசட்டின் இரைச்சல். ஈரத்துணியும் பஞ்சுமாக முப்பது வருடம் அந்தக் கொறகொறப்போடு சண்டை போட்டவர் அவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதன்முறையாக ஒரு குறுந்தகட்டை ஹெட்போனில் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். வயலின்காரர் வில்லை எடுத்து வைப்பதற்கு முன்னால் அவருடைய மூச்சு கேட்டது என்றார். பாட்டு முடிந்தும் ஹெட்போனைக் கழற்றவில்லை. "இத்தனை நாள் இதைத்தானே தேடினேன்" என்று மட்டும் சொன்னார். அதனால்தான் கொறகொறப்பை யாராவது 'உயிர்' என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த உயிரைத் துடைத்துத் துடைத்து ரேகை தேய்ந்த விரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் கடிதத்தில் "அது போகட்டும்" என்று ஒரு வரியில் தாண்டிப் போன இடத்துக்கு வருகிறேன். என்னால் அதைப் போகவிட முடியவில்லை. பாட்டியின் 78 தட்டு. ஒவ்வொரு முறையும் சரி. கைபேசியில் அந்த அம்மாளின் குரல் சின்னப் பெண் குரல். உங்கள் காது அன்று செய்த மிகப் பெரிய காரியம் அது. அதை ஒதுக்கிவிட்டு, தோற்ற ஆறுக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறீர்கள்!

நீங்கள் கேட்டது வேகம். பாடகர்கள் தட்டின் முடிவில் தம் பெயரைச் சொல்வது பழைய வழக்கம். 1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடி முடித்துத் தன் பெயரைச் சொன்னது இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அந்தத் தட்டுகள் ஜெர்மனியில் ஹானோவரில் அச்சாயின. யார் பாடியது என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்தக் காலத்துத் தட்டுகளில் 78 என்பது பெயரளவுக்குத்தான். மின்முறைப் பதிவு 1925இல் வந்தது. அதற்கு முன்பு பதிவு செய்தவர் வைத்ததே வேகம்; நிமிடத்துக்கு எழுபது சொச்சம் சுற்றாகவும் இருக்கும், எண்பதைத் தாண்டியும் இருக்கும். சுமார் 73.6 சுற்றில் பதிவான தட்டை 78இல் ஓட்டினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும் (பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள்). ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரையில் கேட்பார். குரல் மெலியும், சுரங்களை அசைத்துப் பாடும் கமகம் பதறும், பேச்சு குழந்தைப் பேச்சாகும்.

இதை மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு நாகஸ்வரக்காரர். ஒரு கல்யாண வீட்டில் பழைய தட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவர், வாயில் வைத்து ஊதும் சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டே, "இந்த அம்மாளை நான் நேரில் கேட்டிருக்கிறேன். உன் பெட்டியில் அரைக் கட்டை கூடப் பாடுகிறார். ஏன் அவரை இப்படி ஓட வைக்கிறாய்?" என்று கேட்டார். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. மறுநாளே தஞ்சாவூருக்குப் போய், வட்டமாகக் கோடு போட்ட அட்டை ஒன்றை வாங்கி வந்தார். அதில் 77 கோடுகள். சுழலும் தட்டின் மேல் வைத்து டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கும். நம் மின்சாரத்துக்கு அது 77.92 சுற்று. கருவி சரி என்று அட்டை சொல்லும். பாடியவர் எந்த வேகத்தில் பாடினார் என்று சொல்லாது. அதற்கு அந்த நாகஸ்வரக்காரரின் காதுதான் வேண்டும்.

ஆகவே உங்கள் கைபேசியில் இருக்கும் பதிவில் டிஜிட்டல் எந்தத் தவறும் செய்யவில்லை. தட்டை ஓட்டியவர் கேட்காமல் ஓட்டியிருக்கிறார். இணையத்தில் ஏறிக்கிடக்கும் எத்தனையோ பழைய குரல்கள் இப்படித்தான் கால் கட்டையும் அரைக் கட்டையும் தள்ளி நிற்கின்றன. அவற்றைக் கேட்டு, அக்காலத்தில் எல்லோரும் மேல் சுருதியில் விரைந்து பாடினார்கள் என்று இசை வரலாறு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. தட்டா, கைபேசியா என்றுதான் சண்டை.

அல்லது உங்கள் பிளேயர் மெதுவாகச் சுழல்கிறதோ என்னவோ. பழுதுபார்த்த பழைய இயந்திரம் அல்லவா? முதலில் அந்தக் கோட்டு அட்டையை அச்செடுத்துப் பாருங்கள். பிறகு மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பாட்டியின் தட்டைக் கணினியில் பதிவு செய்து, வேகத்தை நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று கூட்டியும் குறைத்தும் கேளுங்கள். இதற்கு டிஜிட்டலைப் போலக் கைகொடுப்பது வேறு எதுவும் இல்லை. பாட்டில் தேடாதீர்கள், பாட்டு மயக்கிவிடும். கடைசியில் பெயர் சொல்லும் அந்த ஓரிரு விநாடிகளைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். எந்த இடத்தில் அது வளர்ந்த ஒரு பெண்ணின் குரலாகிறதோ அங்கே நிறுத்திவிட்டு, சுருதிப் பெட்டியை வைத்துக் கட்டையைப் பாருங்கள்.

லேபிளில் இருக்கும் எண்ணோடு அந்தக் கட்டையையும் எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.