ரோபோ நடுவில் நின்றால், முதலில் லாக் ஃபைலைத் திறங்கள்

யூஐபாத் என்பது கம்ப்யூட்டர் வேலைகளைத் தானாகச் செய்யும் மென்பொருள் ரோபோக்களை உருவாக்கும் கருவி. அந்த ரோபோக்களை வைத்து வேலை செய்பவர்கள், ரோபோ செய்வதை வரிவரியாகக் குறித்து வைக்கும் லாக் ஃபைல் பற்றிக் கேட்டவை.

கேள்வி: ஸ்டுடியோவில் (ரோபோவை உருவாக்கும் யூஐபாத் ஆப்) ஓட்டும்போது ரோபோ நின்றுவிட்டால், லாக் ஃபைலைத் தேடிப் பிடிப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. குறுக்குவழி உண்டா?

பதில்: கன்ட்ரோல் + எல். ஸ்டுடியோவில் இருந்தபடி அழுத்தினால் லாக் ஃபோல்டரே திறக்கும். உள்ளே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஃபைல், பெயரின் தொடக்கத்திலேயே தேதி இருக்கும். இரவு 11.50-க்குத் தொடங்கிய வேலை என்றால் இரண்டு நாள் ஃபைலையும் பாருங்கள். பாதிக் கதை ஒன்றிலும் மீதி இன்னொன்றிலும் இருக்கும்.

ஃபைலை நோட்பேடில் திறந்ததும் கன்ட்ரோல் + எண்ட் அழுத்திக் கடைசிக்குப் போங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். கடைசி வரி பெரும்பாலும் 'வேலை முடிந்தது' என்றுதான் சொல்லும், ஏன் முடிந்தது என்பது அதற்கு மேலே இருக்கும். கன்ட்ரோல் + எஃப் அழுத்தி எர்ரர் என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். ஷிஃப்ட் + எஃப்3 அழுத்த அழுத்த, தேடல் மேல்நோக்கிப் போகும். அந்த ஓட்டத்தின் முதல் எர்ரர் வரிதான் உங்களுக்கு வேண்டியது.

இதைப் பார்க்காமல் ரோபோவை மறுபடி ஓட்டவே ஓட்டாதீர்கள். 50 பில்லில் 31 பதிவான பிறகு நின்றிருந்தால், முதலிலிருந்து ஓட்டும்போது அந்த 31-ம் இரண்டாம் முறை பதிவாகக்கூடும். ஒரு முறை அவசரத்தில் நானே இப்படிச் செய்துவிட்டு, இரட்டைப் பதிவுகளை ஒவ்வொன்றாக நீக்க ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி: கன்ட்ரோல் + எல் அழுத்தினால் எனக்கு அட்ரஸ் பார்தான் நீல நிறமாகிறது. ஏன்?

பதில்: அப்போது பிரவுசரோ ஃபைல் எக்ஸ்ப்ளோரரோ முன்னால் இருந்திருக்கும். அவற்றில் அதே விசைகளுக்கு அட்ரஸ் பாருக்குப் போவது என்று பொருள். ரோபோ பிரவுசரில் வேலை செய்துவிட்டு நின்றால் பிரவுசர்தானே முன்னால் நிற்கும்! ஸ்டுடியோவை ஒரு தடவை கிளிக் செய்துவிட்டு அழுத்துங்கள்.

கேள்வி: ரோபோ ஓடும் மெஷினில் ஸ்டுடியோவே இல்லை. அங்கே என்ன செய்வது?

பதில்: விண்டோஸ் விசை + ஆர் அழுத்துங்கள். வரும் பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே லோக்கல்ஆப்டேட்டா என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து, பின்சாய்கோடு, யூஐபாத், பின்சாய்கோடு, லாக்ஸ் என்று முடித்து எண்டர் தட்டுங்கள்.

தினமும் தேவைப்படுகிறது என்றால் அந்த ஃபோல்டருக்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் உருவாக்குங்கள். ஆல்ட் + எண்டர் அழுத்தி அதன் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, ஷார்ட்கட் கீ கட்டத்தில் ஓர் எழுத்தைத் தட்டினால் போதும், கன்ட்ரோல் + ஆல்ட் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஷார்ட்கட் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால்தான் இது வேலை செய்யும். ஃபைலுக்கு ஷார்ட்கட் வைக்காதீர்கள். நாளைக்கும் இன்றைய ஃபைல்தான் திறக்கும். 4 என்ற எண்ணையும் விட்டுவிடுங்கள். இந்திய ஆங்கில விசைப்பலகையில் கன்ட்ரோல் + ஆல்ட் + 4 அழுத்தினால் ரூபாய்க் குறி வரும்.

கேள்வி: ஃபோல்டர் திறக்கிறது, ஆனால் நேற்றிரவு ஓடியதற்கு ஃபைலே இல்லை.

பதில்: ரோபோ வேறொரு விண்டோஸ் பயனர் கணக்கில் ஓடியிருக்கும். அந்தப் பாதை, லாகின் செய்திருப்பவரின் ஃபோல்டருக்குத்தான் போகும். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் ரோபோவின் கணக்கைத் தேடிப் பாருங்கள். அனுமதி கேட்டால் அட்மினிடம் சொல்லுங்கள்.

கேள்வி: லாக்கை அப்படியே சப்போர்ட் ஆட்களுக்கு அனுப்பலாமா?

பதில்: படித்துப் பார்க்காமல் வேண்டாம். லாக் லெவல், அதாவது எவ்வளவு விவரம் பதிவாக வேண்டும் என்ற அமைப்பு, மிக விரிவான வெர்போஸில் இருந்தால் ஆக்டிவிட்டிகளுக்கு (ரோபோ செய்யும் ஒவ்வொரு படி) போன மதிப்புகளும் பதிவாகும். வாடிக்கையாளரின் கணக்கு எண், மொபைல் எண்கூட அதில் இருக்கலாம். மெஷின் பெயரும் பயனர் பெயரும் எப்படியும் இருக்கும். எர்ரர் வரியையும் அதற்கு முந்தைய இருபது முப்பது வரிகளையும் தனி ஃபைலில் எடுத்து, எண்களை மறைத்து அனுப்புங்கள். அப்புறம், ஸ்டுடியோவில் அந்த எண்களைக் கையாளும் ஆக்டிவிட்டியின் பிராப்பர்ட்டீஸில் பிரைவேட் என்பதை டிக் செய்துவிட்டால், அடுத்த ஓட்டத்திலிருந்து வெர்போஸிலும் அதன் மதிப்புகள் பதிவாகாது.